ஓம் என்றால் ஓம்

எங்கள் வரிசைக்கு மேலே இருந்த மூடி திறக்கவில்லை. நடந்ததைக் கேட்கிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். விமானத்துக்குள் காற்று ஏன் இறங்கியது, விமானி எவ்வளவு கெட்டித்தனமாக அதைத் தாழ்வுக்குக் கொண்டுவந்தார் என்றெல்லாம் கேட்கிறார்கள். விமானியிடம் எனக்குக் குறை இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார். அந்த மூடி தன் வேலையைச் செய்யவில்லை. அதைச் சொல்லப்போனால் விமான நிறுவனத்தார் எங்களுக்குப் பக்தியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நான் வேலணையில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இடப்பெயர்வில் பள்ளிக்கூடமும் இடம்பெயர்ந்தது, நாங்களும் இடம்பெயர்ந்தோம், இரண்டும் வேறு வேறு திசையில் போயின. பிறகு குறிகட்டுவானில் நெடுந்தீவு வள்ளத்தில் கயிறு பிடித்தேன். வவுனியாவில் லொறிக்குச் சாமான் ஏற்றினேன். கடைசியில் வளைகுடா நாடொன்றில், உயரக் கட்டடங்களைச் சுற்றி இரும்புக் குழாய்களைப் பூட்டி ஆட்கள் நின்று வேலை செய்யச் சாரம் கட்டும் வேலை. ஓரிடத்தில் நிலைத்து நின்று பழக்கமில்லை. அந்த வேலையும் சலித்து ஊருக்குத் திரும்பிய பயணத்தில்தான் இது நடந்தது.

ஜன்னலோரம் இருந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து அறுபது வயது இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த இருக்கை காலி. நான் பெல்டைப் பூட்டும் முன்னமே அவர் என்னிடம் எவடம் என்று கேட்டார். வேலணை என்றேன். அவர் ஊர்காவற்றுறை. உடனே எனக்குப் பேச்சு விழுந்தது.

"உங்கட ஊராலைதான் எங்கட பஸ் நாசமாப் போறது. வேலணையிலை ஒவ்வொரு பனைக்கும் ஒருக்கா நிப்பாட்டினா மனுசர் எப்ப வீடு போய்ச் சேருறது?"

அப்போதிருந்து அவர் எனக்கு அக்கா. அரபு வீடொன்றில் பல வருடம் சமைத்துவிட்டு, இனிப் போதும் என்று வருகிறார். அவருக்குத் தொய்வு இருந்தது. குளிரிலும் தூசியிலும் மூச்சு இழுக்கும். அதற்கு வாயில் அடிக்கிற மருந்தை ஒரு சின்னத் துணிப்பையில் வைத்து மடியில் பிடித்திருந்தார். விமானம் எழும்ப முதல் ஒரு பணிப்பெண் வந்து, மடியில் பை வைக்கக் கூடாது என்று அதை வாங்கி மேல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மருந்து என்று அக்கா சொன்னார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பணிப்பெண் சிரித்துவிட்டுப் போனார். அவர்களுக்குச் சிரிக்கப் பழக்கியிருக்கிறார்கள். கேட்கப் பழக்கவில்லை.

பயணத்தின் பெரும்பகுதி முடிந்திருந்தது. சாப்பாட்டுத் தட்டுகளையும் எடுத்துவிட்டார்கள். முதலில் காது வலித்தது. பிறகு குளிர் வந்தது, அதோடு மார்கழி விடியலில் வயலுக்கு மேல் நிற்பதுபோல ஒரு பனிப்புகார் உள்ளே பரவியது. அடுத்ததாக, எல்லாத் தலைகளுக்கும் மேலே மூடிகள் படபடவென்று திறந்து மஞ்சள் முகமூடிகள் குழாயில் தொங்கின. பதிவு செய்த குரல் ஒன்று ஆங்கிலத்திலும் அரபியிலும் திரும்பத் திரும்பப் பேசியது. விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கத் தொடங்கியது.

எங்கள் மூடி ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து அப்படியே நின்றது. உள்ளே மஞ்சள் தெரிந்தது. கையை மட்டும் விடமுடியவில்லை. நான் பெல்டைக் கழற்றிவிட்டு எழும்பி, விரல்களை இடுக்கில் கொடுத்து இழுத்தேன். என் நகம் ஒன்று பிய்ந்தது. மூடி அசையவில்லை.

முன்வரிசையில் நடு இருக்கை காலி. அதற்கான முகமூடி சும்மா ஆடிக்கொண்டிருந்தது. இருக்கை முதுகுக்கு மேலால் எட்டி அதைப் பிடித்து எங்கள் பக்கம் இழுத்தேன். குழாய் ஜன்னல்வரை வராது. அக்காவை நடு இருக்கைக்கு இழுத்து, அரைவாசி எழும்பி நிற்கச் செய்து, அவர் முகத்தில் பிடித்தேன். பிறகு என் முகத்தில். பிறகு அவருக்கு. கீழே விழுந்துகொண்டிருக்கிற ஒரு பொருளுக்குள் இரண்டு பேர் நின்றபடி ஒரு கோப்பைத் தேத்தண்ணியைப் பங்கிடுவதுபோல ஒட்சிசனைப் பங்கிட்டோம். எனக்குத் தலை லேசாகி, காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. அது காற்றுக் குறைந்தால் வருகிற சிரிப்பு என்று பிறகு ஒருவர் சொன்னார். நல்லவேளை, அக்கா என் தோளில் பிடித்திருந்த பிடியை விடவில்லை.

விமானம் ஒருவாறு தாழ்வுக்கு வந்து மட்டமாயிற்று. சுகதேகிகள் முகமூடி இல்லாமலே மூச்சு விடக்கூடிய உயரம். அப்போதும் தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை.

எனக்கு எரிச்சல் வருகிற இடம் இது. நெடுந்தீவுப் பாதையில் நடுக்கடலில் எத்தனையோ தரம் எஞ்சின் நின்றிருக்கிறது. நின்ற உடனே ஓட்டி எழும்பி, எஞ்சின் நிண்டிட்டுது, ஒருத்தரும் ஒரு பக்கம் சாயவேண்டாம் என்று சொல்வார். சொன்னதும் சனம் பயப்படும். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்து பயப்படும். கீழே எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவன் மேலே பார்த்து, பிடிச்சிட்டுதோ என்று கத்துவான். சுக்கானில் நிற்கிறவர் ஓம் என்பார். காற்றடித்தால் அந்த ஓம் நீளும். ஓ...ம் என்று இழுத்துச் சொன்னால்தான் கீழே கேட்கும். அந்த ஒரு சொல்லில் எத்தனை பேருடைய உயிர் போய்வந்திருக்கிறது.

விமானம் மட்டமானதும் நான் காகிதப் பைக்குள் வாந்தி எடுத்தேன். காது இரண்டும் அடைத்துவிட்டன. தலையை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன். அக்காவுக்குத் தொய்வு இழுக்கத் தொடங்கிவிட்டது. கண்ணை மூடி, நெஞ்சில் கையை வைத்து, ஒவ்வொரு மூச்சாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ஒரு பணியாளர் சின்ன ஒட்சிசன் போத்தலோடு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தமிழர். இந்தியாப் பக்கம். எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டிருக்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டதையும் தான் சொன்னதையும் அக்கா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"மூச்சு விடக் கஷ்டமா இருக்காம்மா?"

"ஓ...ம்."

"ஆக்சிஜன் வேணுமா?"

"ஓ...ம். ஓம்."

அவர் கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் கூப்பினாராம்.

"நல்லா வேண்டிக்கோங்கம்மா. ஒண்ணும் ஆகாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் தலையை நிமிர்த்தியபோது அவர் முதுகும் போத்தலும் முன்பக்கம் போய்க்கொண்டிருந்தன. அக்காவின் உதடு கறுத்திருந்தது. நான் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவருக்கு எப்படிக் கேட்கும்? எழும்பி மேல் பெட்டியைத் திறந்தேன். அக்காவின் பையை மேலே வைத்த அதே பணிப்பெண் ஓடிவந்து என்னை இருக்கச் சொன்னார். நான் பையை எடுத்தேன். அவர் பையைப் பிடித்தார். நான் பறித்தேன். மருந்தை எடுத்து அக்காவின் வாயில் வைத்து அமத்தினேன். இரண்டாம் தரம் அமத்திய பிறகு அக்காவின் தோள்கள் இறங்கின. அதன் பிறகுதான் பணிப்பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவரும் பயந்துபோய்த்தான் நின்றார். ஆனால் பயந்த முகத்தோடும் என் இருக்கை இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனார்.

கொழும்பில் விமான நிறுவனத்தின் ஆள், கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் தந்தார். எல்லாக் கருவிகளும் ஒழுங்காக வேலை செய்ததாகச் சொன்னார். நான் என் நகத்தைக் காட்டினேன். மருந்து கட்ட ஆள் அனுப்புவதாகச் சொன்னார். ஒருவரும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறினோம். நான் வேலணையில் இறங்கும்போது அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஒரு பனையைக் காட்டினார். பஸ் அதற்கு நேராகத்தான் நின்றிருந்தது.

ஊருக்கு வந்தபின் எனக்கு வேலை இல்லை. கோபம் மட்டும் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவேன். அவருடைய தொலைபேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, விமான நிறுவனத்தின் முறைப்பாட்டு இலக்கத்துக்கு எடுப்போம். எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மூடி திறக்கவில்லை என்பதை ஏற்று, அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அடுத்த கிழமை அந்த இருக்கையில் வேறொருவர் இருப்பார். அவருக்கு முன்னால் காலி இருக்கை இருக்கும் என்று யார் சொன்னது?

முதல் தரம் பேசியவர் ஆங்கிலம். என்னுடைய ஆங்கிலம் வேலைத்தளத்து ஆங்கிலம். மேலே, கீழே, இழு, நிறுத்து, கவனம். அதை வைத்து மூடியின் கதையைச் சொல்லி முடித்தேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இரண்டாம் தரம் பேசியவர் விசாரித்துவிட்டோம் என்றார். பணியாளர் அந்த அம்மாவிடம் அவருடைய சொந்த மொழியிலேயே கேட்டிருக்கிறார். அவர் பிரார்த்தனையில் இருந்தார், ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அதைக் குழப்பக் கூடாது என்று மரியாதையாக விலகினார். உதவி கேட்கப்படவில்லை. பக்கத்தில் இருந்த ஆண் பயணி பணியாளர் சொல் கேட்காமல் எழும்பி நின்று குழப்பம் விளைவித்தவர்.

எனக்கு விளங்கிய அளவுக்கு அக்காவுக்குச் சொன்னேன். அவர் கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தை வெளியே எடுத்து மேசையில் படும்படி பிடித்தார்.

"தம்பி, நான் வேதக்காரி. எங்கட அப்பா மாதா கோயில் மணி அடிச்சவர். நான் ஏன் பிளேனுக்கை இருந்து ஓம் சொல்லிக் கும்பிடப்போறன்? அந்தப் பொடியன் கேட்டவர். நான் ஓம் எண்டனான்."

கதை இவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஆமா என்பார்கள். நாங்கள் ஓம் என்போம். அக்கா மூச்சில்லாமல் அதை இழுத்துச் சொன்னார். பணியாளருக்கு அது மந்திரமாகக் கேட்டது. அந்தப் பணியாளர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. ஆனாலும் அது ஒரு பிழை. மனிதர் பிழை விடுவார்கள். அந்தப் பிழையை எடுத்துத் துடைத்து, மினுக்கி, நிறுவனத்தின் மறுமொழியாக வைத்தார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா கும்பிட்டார் என்றால் உதவி கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் குறை இல்லை. குறை இல்லை என்றால் மூடி திறந்தது. ஒரு கிழவியின் ஓமை வைத்து ஒரு மூடியைத் திறந்துவிட்டார்கள். என் நகத்தால் முடியாததை அவர்கள் வாயால் செய்துவிட்டார்கள்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வளவுச் சைவக்காரர், அக்காவை ஓங்காரந்தான் காப்பாற்றியது, வேதக்காரியின் வாயிலும் கடைசியில் அதுதான் வந்தது என்றார். கோயிலில் மாதாவின் புதுமை என்று சொல்லி அக்காவுக்காக ஒரு நன்றிப் பூசை வைத்தார்கள். பஸ்ஸில் பொடியள் அவரைக் கண்டால் ஓம் அக்கா, ஓம் ஓம் அக்கா என்றார்கள். அக்கா பூசைக்குப் போனார். முழந்தாளிட்டார். திரும்பி வந்து என்னிடம், தன்னைக் காப்பாற்றியது முன்வரிசை முகமூடி, அதற்கு ஒருவரும் பூசை வைக்கவில்லை என்றார்.

பிறகு ஒரு நாள் விமான நிறுவனத்தாரே தொலைபேசி எடுத்தார்கள். தமிழ் பேசுகிற ஒருவரை வைத்து அம்மாவோடு நேரடியாகப் பேசுவார்களாம். நாளும் நேரமும் சொன்னார்கள். இதுதான் கடைசி என்றும் சொன்னார்கள். இதற்குப் பிறகு முறைப்பாட்டை மூடிவிடுவார்கள். அவர்களுக்கு மூடத் தெரியும்.

நான் அக்காவுக்குப் புத்தி சொன்னேன். கதைக்கப்போவது இந்தியாத் தமிழ்தான், ஆகவே கேட்டதற்கெல்லாம் ஆமா என்று சொல்லிவிட்டால் வில்லங்கம் இல்லை என்றேன். அக்கா குசினியில் இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார்.

"ஆமாவோ? படத்திலை கதைக்கிற மாதிரியோ?"

"ஒரு நாளைக்குத்தானே அக்கா."

"கலியாணத்திலை சுவாமியார் என்னைக் கேட்டவர், சம்மதமோ எண்டு. நான் ஓம் எண்டனான். அந்த ஓம் செல்லுபடியாச்சு. அதை நம்பி அந்த மனுசன் சாகுமட்டும் என்ரை கையாலை திண்டவர். கோயிலுக்கை செல்லுற ஓம் பிளேனுக்கை செல்லாதோ?"

நான் விடவில்லை. சொல்லா முக்கியம், மூடியா முக்கியம் என்று கேட்டேன். அவர் மாவை வேகமாகக் குழைத்தார். இரண்டும் ஒன்றுதான் என்றார். தான் சொன்னது ஓம், அதை ஆமா என்று மாற்றிச் சொன்னால் அன்றைக்குப் பிழையாகச் சொன்னது தான் என்று ஆகிவிடும், தான் பிழையாகச் சொல்லவில்லை என்றார்.

சொன்ன நாளில் தொலைபேசியைச் சத்தமாக வைத்து மேசை நடுவில் வைத்தோம். அக்கா கோயிலுக்கு உடுக்கிற சேலை உடுத்திருந்தார். பேசியது ஒரு இளம்பெண். தமிழ்நாட்டுப் பேச்சு, நல்ல பணிவு. அவருக்குப் பக்கத்தில் யாரோ ஆங்கிலத்தில் கேள்வி சொல்ல, அவர் அதைத் தமிழில் கேட்டார்.

"அம்மா, நீங்க ஜன்னல் சீட்லதானே உக்காந்திருந்தீங்க?"

"ஓம்."

நாங்கள் காத்திருந்தோம். அவர்களும் காத்திருந்தார்கள். பிறகு அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்தி மெதுவாகச் சொன்னது.

"நீங்க முடிச்சிட்டே சொல்லுங்கம்மா. அவசரமில்ல."

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டேன். என் வாயில் அந்த நேரம் வந்ததை எழுத முடியாது. அக்கா என் கையைப் பிடித்து இருத்தினார். விமானத்தில் என் தோளில் பிடித்த அதே பிடி.

"என்னத்தைப் பிள்ளை முடிக்கிறது?"

"இல்லம்மா, நீங்க சாமி கும்பிட்டுட்டு இருந்தீங்களோன்னு..."

"நீர் கேள்வி கேட்டனீர். நான் மறுமொழி சொன்னனான். எங்கட ஊரிலை ஓம் எண்டா யெஸ்."

"யெஸ்ஸா?"

"ஓம்."

அந்தப் பிள்ளைக்கு முதலில் சிரிப்பு வந்தது. எங்களுக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதும் கேட்டது.

"அப்போ... மூச்சு விடக் கஷ்டமா இருக்கான்னு அவர் கேட்டப்போ நீங்க சொன்னது..."

"ஓம்."

"ஆக்சிஜன் வேணுமான்னு கேட்டப்போ?"

"ஓம். ரெண்டு தரம் சொன்னனான்."

ஐயோ என்று அந்தப் பிள்ளை சொன்னது. மொழிபெயர்க்க வேண்டிய சொல் அல்ல அது. பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னது. ஓம், யெஸ் என்ற இரண்டு சொற்களும் திரும்பத் திரும்ப வந்தன. அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை இன்னும் சத்தமாகச் சொன்னது. தட்டச்சுச் சத்தம் கேட்டது. அக்கா மேசையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லைக் கடலுக்கு மேலே சொல்லி, அது போய்ச் சேர எத்தனை மாதம் எடுத்தது என்று நான் நினைத்தேன். சேர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பிள்ளை திரும்பி வந்து, நடந்ததற்கு மிகவும் வருந்துவதாகச் சொன்னது. அது மனதார வருந்தியது, எனக்குத் தெரிந்தது. இனிப் பணியாளர்களுக்கு இலங்கைத் தமிழ்ச் சொற்களையும் சொல்லிக்கொடுப்பார்களாம். அத்தோடு அம்மாவின் முறைப்பாடு முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாமா என்று அந்த மனிதர் கேட்கிறாராம்.

அக்கா துடைப்பதை நிறுத்தினார்.

"பொறும் பிள்ளை. இப்ப நான் ஒண்டு கேக்கிறன். அந்த மூடியைக் கழட்டிப் பாத்தவையோ?"

ஆங்கிலம். மறுபடி ஆங்கிலம்.

"அதை டெக்னிக்கல் டீம் அவங்க முறைப்படி பார்ப்பாங்கன்னு சொல்றாங்கம்மா. உங்க பாதுகாப்புதான் எங்களுக்கு எப்பவும்..."

"அந்தப் பிளேன் இப்பவும் பறக்குதோ?"

"அது... ஆமாம்மா."

"அப்ப அந்தக் கதிரையிலை இண்டைக்கும் ஒராள் இருக்குது. மூடியைப் பாத்தவையோ? ஓமோ, இல்லையோ?"

அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டது. மனிதர் நீளமாக ஏதோ சொன்னார். பிள்ளை அதை எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவரிடமே திரும்பிக் கேட்டது. ஓமா, இல்லையா என்று எங்கள் சொல்லை வைத்துத் தமிழிலேயே கேட்டது. ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். சொல் இல்லாத பாட்டு. விமானம் ஏறும்போது போடுகிற அதே பாட்டு.

நான் வைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"வையாதையும். நான் கேட்டிருக்கிறன்."

எனக்கென்று அவித்து வைத்திருந்த இடியப்பம் ஆறியது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பாட்டு முடிந்து, திரும்பத் தொடங்கி, நடுவில் அறுந்தது. தொடர்பு போய்விட்டது. அக்கா தொலைபேசியைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே இலக்கத்தைத் திரும்ப அழுத்தத் தொடங்கினார்.